அடியில் ஒரு கையெழுத்து

ஜெராக்ஸ் கடைக்காரர் எங்கே கையெழுத்துப் போட்டாலும், அதற்கு மேலோ கீழோ வெள்ளை இடம் இருந்தால் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிடுவார். மகளின் மதிப்பெண் அட்டையைக்கூட விட்டுவைத்ததில்லை. "இது என்ன பேங்க் செக்கா, உங்கப்பா கோடு போட்டு அனுப்பியிருக்காரு?" என்று டீச்சர் கேட்டு வகுப்பே சிரித்திருக்கிறது. அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள், அதுவும் சட்டம். படித்து முடிக்கும்வரை அந்தக் கோடு எதற்கென்று அவளுக்குத் தெரியாது.

கூட்டமில்லாத ஒரு மதியம் அவரே சொன்னார். கடைக்கு அடுத்த கட்டடம் காவல் நிலையம். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது, வெள்ளைத்தாள் வாங்க வந்த ஏட்டு அதில் ஒன்றை உருவி நீட்டி, "அண்ணே, அடியில ஒரு கையெழுத்து. சும்மா சாட்சிக்குத்தான்" என்றார். பக்கத்திலேயே இருப்பவர்களைப் பகைத்துக்கொள்வானேன் என்று போட்டுவிட்டார். ஆறு மாதம் கழித்து நீதிமன்றத்தில் பார்த்தால், தாள் நிறைய எழுத்து. அதே தெருவிலிருந்த ஒரு பெயிண்டரின் வீட்டுக் கட்டிலுக்கடியிலிருந்து திருட்டு மோட்டாரை இவர் கண்ணெதிரே எடுத்தார்களாம். இவர் அன்று கடையைவிட்டு இறங்கவே இல்லை.

"கையெழுத்து உங்களுதானான்னு கேட்டாங்க. ஆமான்னேன். அது பொய்யில்லையே?"

"பெயிண்டருக்கு வக்கீல் யாருப்பா?"

"அவனுக்கு ஏது வக்கீல்? 'சாட்சியை ஏதாச்சும் கேக்கணுமா'ன்னாங்க. அவன் என்னையே பாத்துட்டு, 'என்னங்கய்யா கேக்கணும்'னான். கேட்டிருந்தா சொல்லியிருப்பேம்மா."

பெயிண்டர் இரண்டு வருடம் உள்ளே இருந்தார். வெளியே வந்தபின் பெயிண்ட் அடிக்க அவரை வீட்டுக்குள் விட ஆளில்லை. இன்றுவரை சுற்றுச்சுவர் வேலைதான்.

"வக்கீல் இல்லாதவருக்கு கோர்ட்டே ஒருத்தரை வெச்சுக் கொடுத்திருக்கணும்ப்பா."

"அப்போ தப்பு கோர்ட்டு மேலயா, என் மேலயா?"

அவள் எழுதிய பரீட்சையில் இப்படிக் கேள்வி வந்ததில்லை.

அன்று மாலையே அவர் போய், உண்மையை எழுதித் தருவதாகப் பெயிண்டரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அவர் சொல்லச் சொல்ல அவள் தட்டச்சு செய்தாள். கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தவரிடம் அவள்தான் வாயை விட்டாள்: "அப்பா, இதனால உங்க மேலயே பொய்ச்சாட்சி கேஸ் வரலாம். உங்களுக்கு எதிரா நீங்களே சொல்லணும்னு யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அது உங்க உரிமை."

அவர் பேனாவை மூடினார். "நாளைக்குப் பாக்கலாம்மா."

நாளைக்கு, நாளைக்கு என்றே மூன்று மாதம் ஓடியது. ஒரு காலையில் மாரடைப்பு வந்து போய்ச் சேர்ந்துவிட்டார்.

அன்று அப்பாவைத் தடுத்துப் பேசியது வக்கீலா, மகளா? அப்பாவுக்குச் சட்டம் சொல்ல வீட்டிலேயே ஆள் இருந்தது. பெயிண்டருக்கு நீதிமன்றத்தில் ஒருவரும் இல்லை. அப்படியானால் அவள் செய்தது சரியா?

கடையை மறுபடி திறந்த அன்று பெயிண்டர் வந்து நின்றார். நக இடுக்கில் காய்ந்த சுண்ணாம்பு.

"பாப்பா, அப்பா ஒரு காகிதம் தரேன்னாரு."

இழுப்பறையில் அந்தத் தாள் இருந்தது. மேலே வரி வரியாக எழுத்து. அடியில், கோடுகூட இழுக்காத வெள்ளை இடம்.