எல்லோருக்கும் வாக்களித்த வேலை

சகலையைக் கண்டாலே வெல்டருக்கு வயிறு எரியும். ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள்தான். ஆனால் ஊரில் மேட்டுப் பக்கம், ஆற்றுப் பக்கம் என்று இரண்டு தரப்பு; சகலை மேட்டுப் பக்கத்துக்காரர். நகராட்சி மேட்டுக்காரர்கள் கைக்குப் போனதிலிருந்து வேலையெல்லாம் அவர்களுக்கே. சகலை குடிநீர் நிலையத்தில் சூப்பர்வைசர். ஆற்றுப் பக்கத்து வெல்டரும் அந்த வேலைக்கு மனு போட்டிருந்தார். பதிலே வரவில்லை.

போதாக்குறைக்கு மாமியார், "பெரிய மாப்பிள்ளை சட்டை கசங்காம வேலைக்குப் போறாரு" என்பாள், வெல்டரின் கருகிய கையைப் பார்த்தபடி.

அந்த வருஷம் அக்கம்பக்கத்து ஊர்களில் இரு தரப்பும் வெட்டிக்கொண்டன. ஆற்றுப் பக்கத்தில் ஆள் திரட்டிக்கொண்டிருந்த தாடிக்காரன் ஒரு மத்தியானம் பட்டறைக்கு வந்தான்.

"அண்ணே, இந்தக் குழாயெல்லாம் கூரா அறுத்துக் கொடுங்க. வெள்ளிக்கிழமை மேட்டுப் பக்கம் போறோம். உங்க சகலைய விரட்டிட்டா அந்த நாற்காலி உங்களுக்குத்தான்."

வெல்டருக்கு உள்ளுக்குள் இனித்தது. மின்விசிறி, மேசை, மாமியாரின் முகம் எல்லாம் கண்முன் வந்து போயின. குழாய்களை வாங்கி வைத்துவிட்டு எதிர்ச்சாரி டீக்கடைக்குப் போனார்.

டீக்கடைக்காரர் காதருகே குனிந்தார். "யார்கிட்டயும் சொல்லாதீங்க. குடிநீர் நிலையத்து சூப்பர்வைசர் வேலை எனக்குன்னு தாடிக்காரன் வாக்கு கொடுத்திருக்கான்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்!"

வெல்டர் டீயைத் தொடவே இல்லை. விசாரித்தால் ஆட்டோக்காரர், முடிவெட்டுபவர், வெல்டரின் சொந்த மச்சான் என்று ஆளாளுக்கு அதே நாற்காலி. குழாய் வாங்க வந்த தாடிக்காரனை எல்லோருமாகச் சூழ்ந்துகொண்டார்கள்.

"நாற்காலி ஒண்ணு, நாங்க இத்தனை பேரு. மேட்டுக்காரன முடிச்சதும் எங்களுக்குள்ள வெட்டிக்கணுமா?" என்றார் வெல்டர்.

அவன் முணுமுணுத்தபடி நழுவினான். வெள்ளிக்கிழமை அவனுக்கு ஆள் சேரவில்லை.

மறுநாள் வெல்டர் சகலை வீட்டுப் படியேறினார்.

"உங்க மேல எனக்குப் பொறாமை, அண்ணே. மறைக்கல. ஆனா எங்க மனுவ உங்க ஆளுங்க பிரிச்சே பார்க்கலேன்னா இன்னொரு தாடிக்காரன் வருவான். அவன் பின்னாடி ஊரே போகும்."

சகலை அவரை உள்ளே அழைத்து உட்கார வைத்தார். பிறகு, "எங்க பக்கமும் ஒருத்தன் வந்தான். உங்க பட்டறைய எனக்குத் தரேன்னான்" என்றார்.

இருவரும் இரு பக்கத்து ஆட்களையும் கூட்டிக்கொண்டு, வேலை இரு பக்கத்துக்கும் பொதுவாக வேண்டும் என்று நகராட்சி வாசலில் உட்கார்ந்தார்கள். அதிகாரிகள் கலைந்து போகச் சொன்னார்கள், இவர்கள் போகவில்லை. மாதங்கள் இழுத்தடித்த பிறகு, எல்லா வேலைக்கும் பொதுத்தேர்வு என்று முடிவானது.

முதல் தேர்வில் வெல்டர் தேறவில்லை. டீக்கடைக்காரர் மகள் தேறினாள்.

வெல்டருக்கு இப்போது எதிர்ச்சாரியைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது. ஆனாலும் டீ அங்கேதான் குடிக்கிறார்.