கராஜில் ஒரு காட்டேரி

என் கணவருக்கு நடிப்பு ஆசை வந்தது ஐம்பதை நெருங்கும்போது. அந்த வயதில் மற்ற ஆண்கள் சைக்கிள் வாங்கி, மூச்சுமுட்ட இறுக்கமான உடுப்பில் அலைவார்கள். அதற்கு இது பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

அவரோடு வேலை செய்யும் சென்னைப் பெண் ஒருத்தி குறும்படம் எடுத்தாள். ஒருவன் இரத்தக் காட்டேரியாகி, வீட்டுக்கு வந்து மனைவியையும் கடித்துவிடுகிறான். அதன்பிறகு இந்தப் புதுக் காட்டேரிகள் இரண்டுக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. இதுதான் கதை. கணவன் வேடம் இவருக்கு. படப்பிடிப்பு நோபல் பார்க்கில் இருக்கும் எங்கள் வீட்டுக் கராஜில். எனக்குத் தேத்தண்ணியும் ரோல்ஸும் போடும் வேலை.

ஞாயிறு காலை, நல்ல வெயில். யன்னலில் கறுப்புக் குப்பைப் பைகளை ஒட்டி இரவாக்கினார்கள். ரோஸ் சர்பத்தில் கொக்கோ கலந்து இரத்தமாக்கினார்கள். மலிவுக் கடையில் வாங்கிய காட்டேரிப் பல்லை மாட்டியதும் இவருடைய ஒரே வசனமான "பசிக்குது", "பஃபிக்குது" என்று வந்தது.

மனைவியாக நடிக்க ஒரு மாணவி வந்திருந்தாள். இவர் கழுத்தருகே குனிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சாரி அங்கிள். பூண்டு வாசனை தாங்கல."

காலையில் பாணோடு மிச்ச உள்ளிப்பூண்டுக் குழம்பை வழித்துச் சாப்பிட்டிருந்தார். உள்ளியைக் கண்டால் ஓடவேண்டிய காட்டேரி செய்யும் வேலையா இது? பல் விளக்கிவிட்டு வந்தும் பயனில்லை. இயக்குநர் பெயின்ட் வாளி மேல் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். பார்க்கப் பாவமாக இருந்தது.

"நான் வேணுமெண்டால் கழுத்தைக் குடுக்கிறன். எனக்கு அந்த மணம் பழகிப்போச்சு" என்றேன்.

"நிஜமாவா அக்கா?" இயக்குநர் துள்ளி எழுந்தாள்.

மாணவி சந்தோஷமாக லைட் பிடிக்கப் போனாள். நான் கதிரையில் சாய்ந்தேன். கழுத்தில் சர்பத் பூசினார்கள். இவர் குனிந்தார், சிரித்தார். மறுபடி குனிந்தார், மறுபடி சிரிப்பு. பிறகு மெல்லக் கேட்டார்: "இதிலை கடிக்கட்டே?"

"அண்ணா, காட்டேரி பர்மிஷன் கேக்காது!"

இதற்குள் எறும்புகள் சர்பத்தைக் கண்டுபிடித்துவிட்டன. அவை எதுவும் கேட்கவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"இஞ்சாருங்கோ, அந்தப் பல்லைக் கழட்டித் தாங்கோ. நீங்கள் இதிலை இருங்கோ."

பல்லை நன்றாகக் கழுவி மாட்டினேன். மனைவிதான் முதலில் காட்டேரியாகிறாள் என்று இயக்குநர் அந்த இடத்திலேயே கதையை மாற்றினாள். நடிக்கத்தான் நினைத்தேன். ஆனால் குனிந்தபோது, கல்யாண நாளிலிருந்து இவர் கட்டிலில் போட்டுவிட்டுப் போகும் ஈரத் துவாய்களெல்லாம் ஞாபகம் வந்தன. கடித்தேன்.

"ஐயோ அம்மா!"

"சூப்பர் அக்கா! ஒன் மோர்?"

"ஒன் மோரும் இல்லை, ஒண்டும் இல்லை" என்று இவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். அடுத்தநாள் கொலரை உயர்த்திவிட்டு வேலைக்குப் போனார். அங்கே எல்லோரும் கேலி செய்தார்களாம். சொல்லும்போது முகத்தில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

படத்தை எந்தக் குறும்பட விழாவும் ஏற்கவில்லை. ஒரு மண்டபத்தில் தெரிந்தவர்களுக்குப் போட்டுக் காட்டினோம். கடிக்கும் இடத்தில் கைதட்டினார்கள். இவருடைய சொந்தக்கார அன்ரி ஒருவர், எனக்குக் கேட்கும்படியாகவே பக்கத்துக் கதிரையில் இருந்தவரிடம் சொன்னார்: "எனக்குக் கலியாணத்தண்டே தெரியும்."

இயக்குநர் அடுத்த படத்துக்கும் என்னையே கூப்பிட்டிருக்கிறாள். இவருக்கு வேடம் இல்லை. லைட் பிடிக்க வருகிறார்.