நாத்தனாரின் ஸ்பூன்

என் சமையலறையில், தட்டுக் கூடையின் ஓரத்தில் ஓர் எவர்சில்வர் ஸ்பூன் தனியாகச் சொருகியிருக்கும். வீட்டில் யாரும் அதைத் தொடுவதில்லை. நாங்கள் எறையூர்ப் பக்கம் கரும்பு போடுகிற குடும்பம். ஸ்பூனால் சோறு தின்கிற வழக்கம் எங்களில் எவருக்கும் கிடையாது. அது என் நாத்தனாருடையது, அதாவது என் வீட்டுக்காரரின் தங்கையுடையது. செந்துறையிலிருந்து பஸ் மாறி அவள் வருகிற அன்றைக்கு மட்டும் அது வெளியே வரும். அதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். கூடவே ஒரு பயமும் வரும். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் எழுதுகிறாள். நான் 'வூடு' என்றால் அவள் 'வீடு' என்று போட்டுக்கொள்கிறாள். சில இடங்களில் முகத்தைச் சுளிப்பாள். சுளிக்கட்டும், நடந்தது அதுதான்.

நாத்தனார் எங்கள் வீட்டில் கை நனைப்பதை விட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. என் மூத்த மகன் கல்யாணத்தில் வந்த வினை. பந்தியில் உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்து, கூட்டு பொரியல் வைத்து முடித்த நேரம், பெண்வீட்டுப் பெரியவர்கள் வந்துவிட்டார்கள். பந்தி விசாரித்த ஆள், அவள் மாப்பிள்ளைக்குச் சொந்த அத்தை என்று தெரியாமல், "கொஞ்சம் அடுத்த பந்தியில ஒக்காருங்கம்மா" என்று எழுப்பிவிட்டார். இலைக்கு முன்னால் உட்கார்ந்தவளை எழுப்பினால் யாருக்குத்தான் பொறுக்கும்? நேரே என்னிடம் வந்தாள். "இனிமே ஒன் வூட்ல நான் கை நனைச்சா என்னன்னு கேளு அண்ணி" என்றாள். சொன்னபடியே இருந்தாள். நல்லது கெட்டதுக்கு வருவாள், பாத்திரம் விளக்குவாள், என்னோடு ஊர்க்கதை பேசுவாள். சோற்றுக்குக் கூப்பிட்டால் மட்டும் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவாள்.

வாட்டசாட்டமான ஆள் அவள். சோளத்தட்டைக் கட்டை ஒத்தை ஆளாகத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்வாள். ஒரு காய்ச்சலில் படுத்தாள். இந்த டாக்டர், அந்த டாக்டர் என்று மாற்றி மாற்றி ஊசியும் மாத்திரையும். காய்ச்சல் விட்டது, வயிறு கெட்டது. தின்பதெல்லாம் ஒட்டாமல் வெளிக்கியாகப் போனது. ஸ்கேனில் கட்டி இல்லை, சளியில் டிபி இல்லை. சத்துமாவு, பவுடர், குளுக்கோஸ் எதற்கும் உடம்பு தேறவில்லை. கடைசியில் அவள் மகள் எனக்குப் போன் போட்டாள். "அத்த, அம்மாவுக்குப் பொடவ இடுப்புல நிக்கல. வந்து பாரு அத்த." போய்ப் பார்த்தேன். முழங்கையைத் தாண்டி ஏறிக் கிடந்தது வளையல்.

செந்துறையிலிருந்து காரில் படுக்கவைத்துத் திருச்சிக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு டாக்டரம்மா, என் மகள் வயசுதான் இருக்கும், எங்களை உட்காரவைத்துச் சொன்னார். "குடல்ல நல்ல கிருமிங்க இருந்தாத்தான்மா தின்னது ஒடம்புல சேரும். இவங்களுக்கு மருந்து மேல மருந்து குடுத்து அது அழிஞ்சு போச்சு. ஆரோக்கியமா இருக்கறவங்க மலத்தை எடுத்து, கரைச்சு, வடிகட்டி, கொழாய் வழியா இவங்க குடல்ல விடலாம். வேற வயித்து நோய்க்கு இதைச் செய்யறோம். இப்படி மெலிஞ்சுபோன பெரியவங்களுக்குப் புதுசு, இன்னும் ஆராய்ச்சிதான். பலிக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

அவள் மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு வேறொன்று தோன்றியது. "பாலைச் சுண்டக் காய்ச்சிட்டா அதுவா தயிராவாது, அடுத்த வூட்ல போயி உறை மோர் வாங்கியாந்து ஊத்துவோமே, அதுமாரியா டாக்டரம்மா?" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "கிட்டத்தட்ட அதேதான். ஆனா தயிர் தோஞ்சதா இல்லையான்னு சட்டியைத் தொறந்து பாக்கலாம். இதுல அப்படி ஒடனே பாக்க முடியாது" என்றார். அந்தக் கடைசி வார்த்தை என் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது.

யார் கொடுப்பது? அவள் மகள் பல்வலிக்கு அப்போதுதான் கிருமியைக் கொல்கிற மாத்திரை தின்று முடித்திருந்தாள், அதனால் ஆகாது என்றுவிட்டார்கள். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. டாக்டரம்மா என்னைப் பார்த்தார். எனக்குச் சின்னதிலேயே கல்யாணத்தை முடித்துவிட்டார்கள், அதனால் பேரன் பேத்தி எடுத்தும் வயசு ஐம்பதைக் கொஞ்சம்தான் தாண்டியிருக்கிறது. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, கூழும் கருவாடும் தின்று வளர்ந்த உடம்பு. ரத்தம் எடுத்தார்கள், மற்றதையும் எடுத்துச் சோதித்தார்கள். பதில் வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. சோதனையில் நான் தேறாமல் போனால் அவளுக்கு வேறு ஆள் இல்லை. தேறி, அப்புறம் அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? 'அண்ணிக்காரி என்னத்தையோ உள்ள வுட்டுக் கொன்னுட்டா' என்று செந்துறையில் ஒவ்வொரு வாசலிலும் பேசுவார்களே. தேறிவிட்டேன் என்று சொன்னபோது சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியாமல் நின்றேன்.

அவளிடம் மறைத்துச் செய்யக் கூடாது, அவளே சம்மதிக்க வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மகளுக்கு வாய் வரவில்லை. நான்தான் கட்டிலோரம் உட்கார்ந்தேன். "ஏ புள்ள, ஒனக்குக் கொடல்ல உறை ஊத்தப் போறாங்களாம்" என்று ஆரம்பித்து, உறை எதிலிருந்து எடுப்பது என்பது வரைக்கும் உள்ளதை உள்ளபடி சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள்.

"யாரு வூட்டு உறை?"

நான் அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

"எங்கண்ணன் வூட்டு உறையா?"

"ம்."

குளுக்கோஸ் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. முடியாது என்று சொல்லப்போகிறாள் என்றே நினைத்தேன். கண்ணைத் திறந்தாள். "நான் என்னா சொன்னேன்? ஒன் வூட்ல கை நனைக்க மாட்டேன்னுதானே சொன்னேன். இதுக்குக் கை எதுக்கு அண்ணி?"

நான் சிரித்த சிரிப்பில் நர்ஸம்மா ஓடிவந்து திட்டினாள். நாத்தனாரும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே என் மணிக்கட்டைப் பிடித்தாள். கோழிக்குஞ்சு காலால் பற்றுவதுபோல இருந்தது அந்தப் பிடி.

உறை ஊற்றுகிற அன்றைக்குக் காலையில் பாருங்கள், தினம் விடிந்ததும் போய்விட்டு வருகிற எனக்கு அன்றைக்கென்று வரவில்லை. பயத்தில் வயிறு இறுகிக் கிடந்தது. உள்ளே அவளைத் தயார் செய்துவிட்டார்கள். கதவுக்கு வெளியே மகள், "அத்த, ஆச்சா?" என்று தட்டிக்கொண்டே நிற்கிறாள். "இருடி, நேரத்துக்கு வர இது என்ன டவுன் பஸ்ஸா?" என்று சத்தம் போட்டேன். வெந்நீர் குடித்தேன், காபி குடித்தேன், வராந்தாவில் நடந்தேன், குலதெய்வத்தைக் கூப்பிட்டேன். இதற்கெல்லாம் சாமியைக் கூப்பிடலாமா என்று அப்புறம் கூச்சமாக இருந்தது. எப்படியோ ஆயிற்று. டப்பாவை வாங்கிய ஆஸ்பத்திரிப் பையன் அதைப் பிரசாதம்போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனான்.

அப்புறம் காத்திருப்பு. உறை ஊற்றிய சட்டியை ஆட்டக் கூடாது என்று அடித்துக்கொள்கிற நானே, தினம் அவள் முகத்தைத் திறந்து திறந்து பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை. நடுவில் ஒருநாள் உடம்பு சுட்டது. என்னால் வந்ததோ என்று டாக்டரம்மாவிடம் ஓடினேன். அது தணிந்தது. கஞ்சியும் பவுடரும் அளவு பார்த்து ஏற்றிக்கொண்டே வந்தார்கள். வயிற்றுப்போக்கு மெல்ல மெல்ல நின்றது. ஒரு நாள் காலையில் சுவரைப் பார்த்துக்கொண்டே, "அண்ணி, பசிக்குது" என்றாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு அந்த வார்த்தை! இன்னொரு நாள் முறைத்தாள். "கருவாட்டு வாடையே எனக்கு ஆவாது. இப்ப நாக்கு அதைத்தான் கேக்குது. எல்லாம் ஒன்னால வந்தது." ருசியெல்லாம் அப்படி ஆள் மாறி வராது என்றார் டாக்டரம்மா. நாங்கள் நம்பவில்லை.

இப்போது அவளுக்கு வளையல் மணிக்கட்டில் நிற்கிறது. ஆனாலும் டாக்டரம்மா, "இது நிலைச்சு நிக்குமான்னு போகப் போகத்தான் தெரியும், மறுபடி குடுக்க வேண்டி வந்தாலும் வரலாம்" என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து என் வயிறு எனக்கு மட்டும் சொந்தமாக இல்லை. இருமல் என்று போனால்கூட, "இது கிருமியைக் கொல்ற மாத்திரையா?" என்று கேட்டுக் கேட்டு டாக்டரைச் சலிக்கவைக்கிறேன். அவள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது முதலில் அவள் இடுப்பைத்தான் பார்க்கிறேன், புடவை நிற்கிறதா என்று.

தேறியபின் முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோதுதான் பையிலிருந்து அந்த ஸ்பூனை எடுத்தாள், அரியலூர்க் கடைத்தெருவில் வாங்கினாளாம். "சோத்தைப் போடு. சொன்ன வார்த்தைய மாத்த மாட்டேன். கை நனையாது" என்றாள். இன்றைக்கும் வந்திருந்தாள். கருவாட்டுக் குழம்பை ஸ்பூனால் அள்ளித் தின்றாள், கடைசியில் தயிர்ச்சோறு. தின்று முடித்து, காய்ந்த உள்ளங்கையை என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள். "பாத்துக்க அண்ணி."

பார்த்துக்கொண்டேன். ஸ்பூனின் குழியில் கொஞ்சம் தயிர் ஒட்டியிருந்தது. அதை ஆள்காட்டி விரலால் வழித்து நக்கினாள். நான் சட்டென்று திரும்பி அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தேன்.