வானொலியில் ஒரு பெரட்டு

நுவரெலியா பஸ் ஸ்டாண்டைக் கூட்டும் பெண்கள் வேலைக்கு வருமுன் ஒரு மிடறு தேநீர்கூடக் குடிப்பதில்லை. தை மாதத்து உறைபனியிலும் இல்லை. இது எனக்குத் தெரிய வந்ததே தற்செயலாகத்தான். மைக்கை நீட்டுமுன் ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்து ஆளைச் சிநேகம் பிடிப்பது என் வழக்கம். அன்று நான் பேட்டிக்குப் பிடித்த, அங்கே கூட்டும் அக்கா ஒருவர் கோப்பையை வாங்கினார், இரண்டு கைகளையும் அதில் சூடு காட்டினார், குடிக்காமலே திருப்பித் தந்தார்.

"குடிச்சா போகணும் மிஸ். போறதுக்கு எடமில்ல."

நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிப்பித்தவள் அல்ல. எங்கள் பக்கத்தில் கையில் பேனா வைத்திருக்கும் பெண்ணெல்லாம் மிஸ்தான்.

நாங்கள் உட்கார்ந்திருந்த படிக்கு நேர் எதிரே, பயணிகளுக்கென்று கட்டிய பொது மலசலகூடம் பளபளவென்று நின்றது. அதைத் தினமும் மூன்று தடவை கழுவுவது அந்த அக்காவும் மற்றப் பெண்களும்தான். ஆனால் கூட்டுகிற பெண்கள் யாரும் அதைப் பாவிக்கக் கூடாது. சீசனுக்கு வரும் பெரிய மனிதர்கள் முகம் சுளிப்பார்கள் என்று, துப்புரவு வேலையைக் கொந்தராத்து எடுத்தவர் போட்ட உத்தரவு. மதியம் வரை அடக்கிக்கொண்டிருப்பார்கள். முடியாத நாளில் ஓடைப் பக்கம் புதருக்குள் போவார்கள், ஒருத்திக்கு இன்னொருத்தி காவல் நிற்பாள். இதையெல்லாம் அவர் மழையைப் பற்றிப் பேசுவது போலச் சாதாரணமாகச் சொன்னார். எனக்குத்தான் கோபம் தாங்கவில்லை.

ஒரு சின்ன வானொலியில் வியாழன் மாலை அரை மணி நேரம் எனக்கு. டவுனில் கூலி வேலை செய்பவர்கள் பேசுவதை ஒலிபரப்புவேன், பிறகு அதையே பேஸ்புக்கில் போடுவேன். மளிகைக்கடை ஒன்றின் மேல்மாடிதான் ஸ்டூடியோ. சத்தம் வராமலிருக்கச் சுவரெல்லாம் பழைய கம்பளிகள், ஆனாலும் தகரக் கூரையில் விழும் மழை எல்லா நிகழ்ச்சியிலும் இலவசமாகக் கலந்துகொள்ளும். இந்தத் தொழிலுக்கென்று கொழும்பில் மூன்று நாள் பயிற்சியும் பெற்றவள் நான். பேசுகிறவரின் பெயரைச் சொல்லாதே, ஆபத்து என்றால் குரலையும் மாற்று என்று சொல்லித் தந்தார்கள். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். அந்த அக்காவின் குரலைக் கணினியில் போட்டுத் தடிப்பாக்கி, 'நகரில் உழைக்கும் ஒரு தாய்' என்று அறிமுகம் செய்து, அந்த வியாழன் ஒலிபரப்பினேன். பெரிய வேலை செய்துவிட்ட பெருமையோடு வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

மறுநாள் நான் கதவைத் திறக்க வந்தபோது அவர் மாடிப்படியின் அடியில் விளக்குமாறோடு நின்றுகொண்டிருந்தார்.

"அது யாரு மிஸ் பேசினது? பேய் புடிச்ச ஆம்பள மாதிரி?"

"நீங்கதான்க்கா. ஒங்க பாதுகாப்புக்காக..."

"என் பேரு எங்க?"

பெயரைச் சொன்னால் வேலை போய்விடும் என்று விளக்கினேன். ஒற்றை அறைக்கு வாடகையும் மகளின் படிப்பும் அந்தச் சம்பளத்தில்தான் ஓடுகின்றன என்பதை அவரிடமே நினைவூட்டினேன். அவர் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"தோட்டத்துல இருபத்திரெண்டு வருஷம் கொழுந்து எடுத்தேன் மிஸ். ஒருநாளு பெரட்டுல கணக்கப்புள்ள என் பேர கூப்புட மறந்துட்டாரு. நான் மலைக்குப் போயி எல்லாரு மாதிரியும் எடுத்தேன். அந்தியில நிறுக்கப் போனா, நீ இன்னைக்கு வேலைக்கே வரலங்கிறாரு. கொழுந்து முதுகுல தொங்குது, நான் வரலயாம்! பேரு சொல்லாம பேசினா அப்புடித்தான் மிஸ். யாருமே பேசல."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நானும் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் வளர்ந்தவள். விடிந்ததும் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிட்டு மலைக்கு அனுப்பும் அந்தப் பெரட்டுக் களத்தில் என் அம்மாவும் நின்றவர்தான். அங்கே பெயர் விழாத உழைப்புக்கு உழைப்பு என்றே பெயரில்லை. கொழும்பில் இருந்த மூன்று நாளில் எனக்கு அது மறந்து போயிருந்தது.

"ஆனா வேல போயிருமே அக்கா."

"போனா என் வேலதான போகும்? ஒங்க வேலையா?"

சுருக்கென்று தைத்தது. பையில் சாவியைத் தேடுவது போல நடித்தேன்.

என் பாதுகாப்பின் லட்சணமும் சீக்கிரமே வெளுத்தது. பஸ் ஸ்டாண்டில் கூட்டிக் கழுவும் பெண்கள் யார் யார் என்று டவுனுக்கே தெரியும், நான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறேன். திங்கட்கிழமை கொந்தராத்துக்காரரின் சூப்பவைசர், அங்கே கூட்டும் எட்டுப் பெண்களையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். ரேடியோவில் பேசியவள் வெள்ளிக்கிழமையோடு வீட்டுக்குப் போகலாம் என்றார். ஒருத்தியும் காட்டிக்கொடுக்கவில்லை. அவர் சந்தேகம் ஒரு சின்னப் பெண் மேல் போனது, அவள் கொஞ்சம் வாயாடி.

அன்று மாலையே அக்கா மாடியேறி வந்தார். "இப்ப நான் பேரு சொல்லியே ஆகணும் மிஸ். இல்லாட்டி அந்தப் புள்ளய நிப்பாட்டிருவான்."

வியாழன் ஆறு மணி. பதிவு செய்யாமல் நேரடியாகவே போகலாம் என்று முடிவு செய்தோம். தனியாக வருவார் என்று நினைத்தேன். அவருக்குப் பின்னால் ஏழு பேரும் நனைந்த கோட்டோடு, பினைல் வாசனையோடு ஏறி வந்தார்கள். அறையில் திரும்ப இடமில்லை. அக்கா மைக்கின் முன் நிமிர்ந்து நின்று தன் பெயரைச் சொன்னார். அப்பாவின் பெயரையும், பிறந்த தோட்டத்தையும், லயத்து நம்பரையும் சொன்னார். போன வாரம் பேசியது நான்தான் என்று சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் சொந்தக் குரலில் மறுபடி சொன்னார். பிறகு என்னைக் கேட்காமலே, "இப்ப நான் பெரட்டு கூப்புடுறேன்" என்றார்.

ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். பின்னாலிருந்து ஒவ்வொருத்தியும் "இருக்கேன்" என்றாள். வாயாடிப் பெண் மட்டும் அழுதுகொண்டே சொன்னாள்.

அதற்குள் தொலைபேசி அடித்தது. மரக்கறி மார்க்கட்டில் மூட்டை சுமக்கும் ஒருவர் தன் பெயரைச் சொல்லி, "என்னையும் கூப்புடச் சொல்லுங்க மிஸ்" என்றார். அக்கா கூப்பிட்டார். "இருக்கேன்!" ஹட்டனிலிருந்து, ஹோட்டலில் விரிப்புத் துவைக்கும் ஒரு பெண். கினிகத்தேனையில் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவும் ஒருவர். கொழும்புத் துணிக்கடையிலிருந்து ஒரு பிள்ளை, நாள் முழுக்க உட்கார விடமாட்டார்கள் என்றும் சேர்த்துச் சொன்னாள். பேஸ்புக்கில் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. பெயர், வேலை செய்யும் இடம், வேறொன்றுமில்லை. நான் வாசிக்க, அக்கா உரக்கக் கூப்பிட்டார். அறையில் நின்ற ஏழு பேரும், அந்த முகம் தெரியாதவர்களுக்காக "இருக்காங்க" என்று பதில் சொன்னார்கள். அரை மணி ஒரு மணியாகியும் யாரும் எங்களை நிறுத்தவில்லை. மெய் சிலிர்த்தது என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் சிலிர்த்தது. என் வாழ்நாளில் இவ்வளவு பெரிய பெரட்டை நான் கண்டதில்லை. குரலற்றவர்களின் குரல் என்று நிகழ்ச்சித் தொடக்கத்தில் வாரா வாரம் பெருமையடித்தவள் நான். அன்று முதல் அதை விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை விடியும்போதே பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். சூப்பவைசர் பட்டியலைப் பார்த்து ஏழு பெயர்களை வாசித்தார், தாளை மடித்தார். எட்டாவது பெயர், அக்காவின் பெயர், வரவில்லை.

யாரும் விளக்குமாற்றைத் தொடவில்லை. சத்தமில்லை, கோஷமில்லை. முந்தின நாள் குப்பை காற்றில் உருண்டது. முதல் பஸ்கள் வந்து ஆட்களை இறக்கின. ஹட்டன் பஸ் கண்டக்டர் வாசலில் தொங்கியபடி அக்காவைப் பார்த்தார். முந்தின மாலை ரேடியோ கேட்டிருப்பார் போல, பெரட்டில் கூப்பிடுவது போலவே அவர் பெயரை உரக்கக் கூப்பிட்டார். பஸ்ஸுக்குள் சிலர் கைதட்டினார்கள். சூப்பவைசர் ஒதுங்கிப் போய் யாரிடமோ போனில் பேசினார். திரும்பி வந்து, தாளை விரித்து, ஒன்றும் நடக்காதவர் போல அந்த எட்டாவது பெயரை வாசித்தார்.

அக்கா நகரவில்லை. முகவாயால் எதிரே மலசலகூடத்தைக் காட்டி, "அப்ப அது?" என்று மட்டும் கேட்டார்.

"போங்க, போய்த் தொலைங்க" என்றார் அவர், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

அக்கா மெதுவாக நடந்து உள்ளே போனார். நாங்கள் காத்திருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து ஈரக் கையைக் கோட்டில் துடைத்தபடி வெளியே வந்து, என் பக்கத்தில் நின்றார்.

"நாலு வருஷமா கழுவுறேன் மிஸ்," என்றார். "இன்னைக்குத்தான் உள்ளுக்கு தாப்பா போட்டேன்."