இரண்டு எர்த்

அரியலூர் வீட்டுக் கொல்லையில், துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், ஒரு செப்புக் கம்பி மண்ணிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். அதைச் சுற்றி உப்பும் அடுப்புக்கரியும் போட்டு நிரப்பிய குழி. வெயில் காலத்தில் தினமும் மாலையில் அந்தக் குழிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றியது நான். செடிக்கு ஊற்றினால் பூவாவது பூக்கும். பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு, "என்னா, கம்பி துளிர் வுட்டுச்சா?" என்று கேட்டார். நானும் சிரித்து வைத்தேன்.

மாமனாரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு, பழைய ரேடியோக்களில் இருக்கும் கண்ணாடி வால்வுகளை வைத்து, இசைத்தட்டு கேட்க ஒரு பெட்டி செய்ய உட்கார்ந்தார். ரெக்கார்டின் மேல் ஓடும் முள்ளிலிருந்து வருவது மிகமிகச் சின்ன மின்சாரம். அதைப் பெருக்கிக் கொடுப்பது அந்தப் பெட்டியின் வேலை. சிக்கல் என்னவென்றால், அது பாட்டை மட்டும் பெருக்காது. வீட்டு ஒயரிலிருந்து கசிந்து வருவதையும் சேர்த்துப் பெருக்கும். நாதஸ்வர ரெக்கார்டைப் போட்டால், நாதஸ்வரத்துக்கு அடியில், தூரத்தில் ரைஸ்மில் ஓடுகிற மாதிரி ஓர் உறுமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்த உறுமலில்தான் நான் மாட்டிக்கொண்டேன். கணவருக்கு ஒசூரில் தொழிற்சாலை வேலை. அப்பாவைத் தனியாக விட முடியாது, அவரும் நம்மோடு வந்துவிடட்டும் என்றார். மாமாவும் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. "வரேன்ப்பா. இந்த உறுமல் மட்டும் நிக்கட்டும். பாதியில போட்டுட்டு வந்தா மனசு கேக்காது" என்றார். நியாயமாகத்தான் பட்டது. அதுவரை நான் அரியலூரில் அவரோடு இருப்பது என்று அப்பாவும் பிள்ளையும் முடிவு செய்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரியென்றுதான் தலையாட்டியிருப்பேன். கல்யாணமான புதிதில் வேறென்ன செய்திருக்க முடியும்?

கணவர் மாதம் ஒருமுறை வருவார். வந்த களைப்பு தீர்வதற்குள், சேலம் போய் பஸ் மாற வேண்டும் என்று கிளம்பிவிடுவார். ஒசூரில் அவர் எடுத்திருந்த வாடகை வீட்டின் சமையலறையை நான் போன் திரையில்தான் பார்த்திருந்தேன். அந்த அலமாரியில் எந்த டப்பாவை எங்கே வைப்பது என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டே அரியலூரில் குழம்பு கொதிக்க விடுவேன். கல்லங்குறிச்சி பெருமாளைப் பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, "மருமவள்னா இவல்ல மருமவ" என்று கையலம்பிப் போவார்கள். அந்தப் பாராட்டு ஒவ்வொன்றும் வாசற்கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போட்டது.

மாமா சும்மா இருந்தவர் இல்லை. வால்வுகளைச் சூடாக்கும் இழைக்கு ஏசி கரன்ட்டுக்குப் பதில் டிசி கொடுத்தார். டிரான்ஸ்ஃபார்மரைத் தனிப் பெட்டியில் போட்டுத் தள்ளி வைத்தார். ஒயர்களைச் சடைபோல முறுக்கினார். சுண்ணாம்புக்கல் லாரி தெருமுனையில் திரும்பினால் வால்வு அதிர்ந்து ஸ்பீக்கரில் 'ணங்' என்று கேட்கும். அதற்காக என் ரப்பர் செருப்பை வெட்டி வால்வு மாட்டும் சாக்கெட்டுக்கு அடியில் வைத்தார். நான் வருத்தப்படவில்லை, வெளியே போனால்தானே செருப்பு. ஒவ்வொரு திருத்தத்துக்கும் இரைச்சல் கொஞ்சம் குறைந்தது. அடியில் ஓடிய அந்த உறுமல் மட்டும் அசையவில்லை. "எர்த்து பத்தலம்மா" என்பார். கசிகிற கரன்ட்டை மண்ணில் இறக்கும் எர்த்துதான் மின்வாரியத்துக்காரருக்கு எல்லா நோய்க்கும் மருந்து. வாசல் பக்கம் வீட்டுக்கென்று ஓர் எர்த் குழி ஏற்கெனவே இருந்தது, பெட்டிக்கு அதிலிருந்து இணைப்பு. போதாதென்று ரெக்கார்டு பிளேயருக்கென்றே கொல்லையில் இன்னொன்று தோண்டினார். அதற்குத்தான் என் குடம்.

இரண்டாவது கோடையில் எனக்குப் பொறுமை போய்விட்டது. நான் படித்தது பி.எஸ்சி. இயற்பியல், பரீட்சையோடு மூடி வைத்தது. மதியம் பாத்திரம் கழுவியதும் போனில் தேட ஆரம்பித்தேன். எங்கெங்கோ இருப்பவர்கள் இதே உறுமலுக்காக ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பாதி புரியவில்லை. புரிந்த பாதியில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்தது. ஒன்றோடொன்று இணைந்த கருவிகளுக்கு இரண்டு இடத்தில் எர்த் கொடுத்தால், இரண்டுக்கும் நடுவில் வளையமாக ஒரு பாதை உண்டாகி அதில் கரன்ட் சுற்றும். அந்தச் சுற்றல்தான் உறுமும்.

மாமா ஒரு கல்யாணத்துக்குப் பெரம்பலூர் போயிருந்த பகலில், பிளக்குகளைப் பிடுங்கி வைத்துவிட்டுக் கொல்லைக் கம்பியிலிருந்து ஒயரைக் கழற்றினேன். பிளேயரிலிருந்து பெட்டியின் உடம்புக்கு ஒரு சின்ன ஒயர் மட்டும் கொடுத்தேன். மறுபடி சுவிட்சைப் போட்டு, வால்வு சூடாகும்வரை காத்திருந்து, வால்யூமை முழுக்கத் திருப்பினேன். பக்கத்து வீட்டுக் கோழி கொக்கரிப்பது மட்டும் கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போதே பரணிலிருந்த சூட்கேஸை இறக்கித் தூசி தட்டினேன்.

திரும்பி வந்த மாமா, சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து ரெக்கார்டின் ஒரு பக்கம் முழுவதையும் கேட்டார். எப்படிச் செய்தாய் என்று கேட்கவில்லை. ரெக்கார்டை உறையில் போட்டுக்கொண்டே, "நல்லாருக்கும்மா" என்றார். சாப்பாடு போடவா என்றதற்குப் பசியில்லை என்றார்.

மறுநாள் பகலில் உறுமல் திரும்பியிருந்தது. கொல்லைக்குப் போய்ப் பார்த்தேன். கம்பியில் ஒயர் மறுபடி மாட்டப்பட்டு, நட்டு இறுக்கி, மேலே கருப்பு டேப் சுற்றியிருந்தது. உள்ளே வந்தேன்.

"ஒயர் திரும்ப மாட்டியிருக்கு மாமா."

ரெக்கார்டைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "அவன்கிட்ட வரலன்னு சொல்ல வாய் வரலம்மா. ஒத்தப் புள்ள, ஆசையா கூப்புடுறான். அந்த ஊர்ல வந்து நான் யார்கிட்ட பேசுவேன், சொல்லு."

"அப்ப எனக்கு?" என்றேன்.

இப்போதுதான் என்னைப் பார்த்தார். "நீ இங்க சௌரியமாத்தான இருக்கன்னு நெனச்சேன்."

அவர் பொய் சொல்லவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

"அவரு அங்க தனியா கெடக்குறாரு. நான் இங்க கம்பிக்குத் தண்ணி ஊத்திட்டிருக்கேன். இதுல எனக்கு என்ன மாமா சௌரியம்?"

பெட்டியின் சுவிட்சை அணைத்தார். பிறகு போனை எடுத்தார். "தம்பி, நான் வரலப்பா. நீ வந்து இவள அழைச்சிட்டுப் போ." அந்தப் பக்கம் கணவர், பெட்டி வேலை இன்னும் முடியவில்லையா என்று கேட்டது எனக்கும் கேட்டது.

"அது போன வருசமே முடிஞ்சுதுடா" என்றார் மாமா.

இப்போது நான் ஒசூரில் இருக்கிறேன். மாமா அரியலூரிலேயே இருக்கிறார். சமைத்துக் கொடுக்க ஓர் அம்மா வருகிறார். மாமாமேல் எனக்குப் பாசம் உண்டு, தினமும் பேசுகிறோம். போன வாரம் பேசும்போது, "நீ மாட்டுன அந்தச் சின்ன ஒயரு அப்படியே இருக்கும்மா. பாட்டு அவ்வளவு சுத்தமா கேக்குது" என்றார்.

"எனக்கு முன்னாடி, போன வருசமே அத மாட்டிப் பாத்தது யாரு மாமா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.