குனிய வேண்டாத ட்ரொலி

ஜவாத் நானா இன்று காலை மௌத்தாகிவிட்டார். நெஞ்சுவலியாம். பகல் தொழுகைக்குப் பிறகு மடவளையில் அடக்கம்.

செய்தி எனக்கு எப்படி வந்தது தெரியுமா? எங்கள் பழைய மனேஜரின் முகநூல் பதிவில். நானா சிரித்துக்கொண்டு நிற்கும் ஒரு போட்டோ. மேலே "மிஸ் யூ லெஜண்ட்". மூன்று அழுகை முகம்.

லெஜண்டாம்... அந்த மனிதரை வேலையை விட்டே ஓட வைத்த ஆளுக்கு இன்று கண்ணீர் வந்துவிட்டது. கீழே கமெண்ட்டில் அழுகிறவர்களும் எங்கள் கடையில் வேலை செய்தவர்கள்தான். நானாவின் ட்ரொலிக்குக் "கிழட்டு வண்டி" என்று பெயர் வைத்த அதே கூட்டம்.

அவர்களை மட்டும் சொல்லவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பொறுங்கள், அதற்கும் வருகிறேன்.

கண்டி டவுனில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ஆறு வருடம் சூப்பர்வைசராக இருந்தேன். நானா எனக்குக் கீழே, தட்டுகளில் சாமான் அடுக்குகிறவர். வயதில் என் அப்பாவுக்குச் சமம். ஆனாலும் எல்லோருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன்.

எங்கள் கடையில் கண் மட்டத்தில் என்ன இருக்கும்? சொக்லட், சிப்ஸ், கலர் சோடா. குரக்கன் மா, பயறு, சீனி இல்லாத பிஸ்கட் எல்லாம் கணுக்கால் மட்டத்தில். முழங்கால் தேய்ந்தவர்களைத் தோப்புக்கரணம் போட வைத்து வியாபாரம் செய்த மேதைகள் நாங்கள்.

நானா என்ன செய்தார் என்றால், கடை திறக்க முன் ஒரு பழைய ட்ரொலியை எடுப்பார். அடியில் வெறும் பெட்டிகளைப் போட்டு உயர்த்துவார். கீழ்த்தட்டிலும் உச்சித்தட்டிலும் இருக்கிற சாமான்களில் இரண்டிரண்டை அதன் மேல் அடுக்கி, வாசலருகே நிறுத்திவிடுவார். இடுப்பு உயரத்தில் எல்லாம் கைக்கு எட்டும்.

"குனிய வாணாம் உம்மா, எல்லாம் இந்தா ஈக்கிது. என்ன வேணும், செல்லுங்க."

ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் மட்டும் அந்தப் பக்கமே திரும்ப மாட்டார். "நான் ஒண்ணும் கெழவி இல்லைங்க" என்பார். நானா அவருக்குப் பின்னால் போவார். கீழ்த்தட்டுக்கு முன்னால் குனிந்து, பயறு பக்கற்றோடு எழும்புவார்.

"டீச்சர், இது ஒங்கட கையால விழுந்திச்சி போல..."

"ஆமாங்க, என்னோடதுதான்" என்று டீச்சரும் கொஞ்சமும் வெட்கப்படாமல் வாங்கிக்கொள்வார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

ஒரு வருடம் இப்படிப் போனது. பிறகு கொழும்பிலிருந்து ஹெட் ஒஃபிஸ் ஆட்கள் மூன்று பேர் வந்தார்கள். ட்ரொலியைப் பார்த்து மூக்கைச் சுளித்தார்கள். அனுமதி இல்லாத டிஸ்ப்ளேயாம். தினமும் அதைத் தாண்டித்தான் மனேஜர் தன் அறைக்குப் போவார். அவர் சொன்னார், இதை இன்றைக்குத்தான் காண்கிறேன் என்று. கூசாமல் சொன்னார்.

நானாவைப் பின்பக்க ஸ்டோருக்கு மாற்றினார்கள். அந்த வயதில் அரிசி மூட்டை. ஒரு மாதம் தூக்கினார். பிறகு வரவில்லை.

அடுத்த கூத்தைக் கேளுங்கள். கொஞ்ச நாளில் ஹெட் ஒஃபிசுக்கே "சீனியர் கார்னர்" என்று ஒரு ஞானம் பிறந்தது. ரிப்பன், பலூன், கேக். எங்கே வைத்தார்கள்? மேல் மாடியில். கடையில் லிஃப்ட் கிடையாது. கீழே இருந்த இடத்தைச் சொக்லட் கம்பனிக்குக் கொடுத்தாயிற்றாம்.

டீச்சர் படிக்கட்டுக்குக் கீழே நின்று பலகையை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்மா, இம்புட்டுப் படி ஏற முடிஞ்சா எனக்கு எதுக்குமா சீனியர் கார்னர்?"

மேலே மனேஜர் கேக் வெட்டிக்கொண்டிருந்தார். நான் ஏறிப்போய் அவர் பக்கத்தில் நின்று கை தட்டினேன்.

இப்போது அந்தப் போட்டோ விஷயம்.

இன்று மனேஜர் போட்டிருப்பது என் போனில் நான் எடுத்த போட்டோ. அந்த மூன்று பேரும் வந்து போன பிறகு, எங்களுக்குத் தெரியாமல் நானா ட்ரொலி வைத்தார் என்று ஹெட் ஒஃபிசுக்கு அனுப்பிய அறிக்கையில் ஆதாரமாக இணைத்தது. ட்ரொலியை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் போட்டிருக்கிறார்.

அறிக்கையை எழுதியதும் நான்தான். "எழுது" என்றார் மனேஜர், எழுதினேன். என் வேலை போய்விடும் என்று பயம். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. மனேஜரைத் திட்டுகிற இந்த வாய்தான் அன்று மூடிக்கொண்டிருந்தது. தூ!

போட்டோ எடுத்தபோது நானா ஏப்ரனை இழுத்துச் சரி செய்தார். "என்ன தங்கச்சி, பேஸ்புக்ல போடவா?" அந்தச் சிரிப்புத்தான் அது.

போன வருடம் பஸ் நிலையத்தில் அவரைக் கண்டு ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் ஒளிந்தேன். அவர் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

"என்னத்துக்கு ஒளியிறீங்க தங்கச்சி? அந்த ரிப்போர்ட்டுல ஒரு கொப்பி எனக்கும் தந்தாங்க. கண்ணாடி இல்லாம வாசிக்க ஏலாம வீட்டுக்குக் கொண்டு போனேன். மகள்தான் சத்தமா வாசிச்சா. ஒங்கட பேர் வந்த எடத்துல நிப்பாட்டிட்டா. பெருநாளைக்கு எங்கட வீட்டுக்கு வந்து சாப்பிட்ட ஆள்தானே நீங்க..."

"அப்புறம் நானா?" என்றேன்.

"நான் செல்லிட்டேன், இது அதே பேருல வேற ஆரோ, நீ வாசி எண்டு."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார். ஒரு மன்னிப்புக்கூட நான் கேட்கவில்லை.

வேற ஆரோ இல்லை நானா. நான்தான்.

மடவளை பஸ்ஸில் இருந்துதான் இதை எழுதுகிறேன். உங்கள் மகளின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லப் போகிறேன். அவள் என்னை உள்ளே விடாவிட்டால் வாசலில் நின்றாவது...

போய் வாங்க நானா.