அக்காவுக்கு வந்த நோய்

வசந்தமலரின் குடும்பத்தில் புற்றுநோயால் யாரும் செத்தது கிடையாது. காய்ச்சல் வந்து போனார்கள், செங்கமாரி வந்து போனார்கள், மூப்பு வந்து போனார்கள். உண்மை வேறு என்பது வீட்டுப் பெண்களுக்குத் தெரியும், ஆனால் வாய் திறக்க மாட்டார்கள். குமர்ப்பிள்ளை இருக்கிற வீட்டில் அந்தச் சொல் வெளியே போனால், கேட்டு வருகிற சம்பந்தம் வாசலோடு திரும்பிவிடும் என்று பயம்.

1992இல் அவளுக்கு ஐம்பத்துமூன்று வயது. லண்டன் மனோர் பார்க்கில் வீடு, உடுப்புத் தைக்கிற தொழிற்சாலையில் வேலை. கணவர் இறந்து ஆறு வருடம். ஒரே மகள் சுபோதினிக்கு எட்மண்டனில் மாப்பிள்ளை பேசி, சாதகப் பொருத்தமும் பார்த்தாகிவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் வயிறு ஊதத் தொடங்கியது. வாய்வாக்கும் என்று இஞ்சியும் உள்ளியும் அவித்துக் குடித்துப் பார்த்தாள். வயிறு கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தபோது, கருமுட்டை உண்டாகிற சூலகத்தில் கட்டி தெரிந்தது. டொக்டர் ஒரு வெள்ளைக்காரப் பெண். மாதவிடாய் எப்போது நின்றது, எத்தனை பிள்ளைகள், தாய்க்கோ சகோதரிக்கோ மார்பிலோ சூலகத்திலோ புற்றுநோய் வந்ததா என்று கேள்விமேல் கேள்வி கேட்டார். அதைத் தமிழில் சொல்ல வந்திருந்தவள் இம்மாகுலேற். நல்ல பிள்ளைதான், ஆனால் மாப்பிள்ளை வீட்டுக்கு அடுத்த தெருக்காரி.

"அப்பிடி ஒருத்தருக்கும் இல்லை" என்றாள் வசந்தமலர்.

அம்மா போனது மார்புப் புற்றில். அக்கா போனது சூலகப் புற்றில். இருவரையும் ஒரே வாயில் இல்லாமல் ஆக்கிவிட்டாள், மகராசி. டொக்டரும் நம்பி எழுதிக்கொண்டார். சாதாரண நீர்க்கட்டி போலத்தான் இருக்கிறது, மூன்று மாதம் பொறுத்து மறுபடி ஸ்கேன் எடுப்போம் என்றார்.

இம்மாகுலேற் போய்விட்டாள். பஸ் வந்தது, வசந்தமலர் ஏறவில்லை. அக்காவையும் இப்படித்தான் பொறுக்கச் சொன்னார்கள். பொறுத்த மாதங்களில்தான் கருப்பைக்கும் பரவியது. கலியாணம் குழம்பினால் சுபோதினிக்கு வேறு மாப்பிள்ளை பார்க்கலாம், வேறு தாய் பார்க்க முடியுமா? திரும்பி நடந்தாள்.

டொக்டரின் கதவைத் தட்டி, தனக்கு வந்த இங்கிலீஷில், "மதர், ஹியர்" என்று மார்பைத் தொட்டாள். "சிஸ்டர், ஹியர்" என்று அடிவயிற்றைத் தொட்டாள். "போத் டை. ஐ டெல் லை" என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள். டொக்டர் ஏசவில்லை. கதிரையில் இருத்தித் தண்ணீர் கொடுத்துவிட்டு, முன்பு எழுதியதை வெட்டினார். பதினோராம் நாள் சத்திரசிகிச்சை நடந்தது.

சூலகப் புற்று பக்கத்திலிருக்கும் கருப்பைக்குத் தாவக்கூடியது என்பதால், இரண்டு சூலகங்களோடு கருப்பையையும் சேர்த்தே எடுத்தார்கள். முடிவு வருவதற்குள் அவள் கும்பிடாத தெய்வம் இல்லை. ஒரு சூலகத்தில் புற்று இருந்தது. கருப்பையில் இல்லை, வேறெங்கும் இல்லை. பெரிய நிம்மதி. அன்றைக்குத்தான் வயிறாரச் சோறு சாப்பிட்டாள்.

ஆனால் மகளுக்கும் வரக்கூடும், அவளும் வருடாவருடம் டொக்டரிடம் காட்ட வேண்டும் என்றார்கள். இனி ஒளிக்க முடியாது. மாப்பிள்ளையின் தாய் தவநாயகி சூப்போடு சுகம் விசாரிக்க வந்த அன்று, மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

"அம்மாவுக்கு, அக்காவுக்கு, இப்ப எனக்கு. வேண்டாமெண்டால் இப்பவே சொல்லுங்கோ. நான் கோவிக்கமாட்டன்."

தவநாயகி தன் இடப்பக்க மார்பில் கையை வைத்தாள்.

"எண்பத்தாறிலை இதை எடுத்துப் போட்டாங்கள். உள்ளுக்கை இருக்கிறது பஞ்சு. தெரிஞ்சால் பொம்பிளை தரமாட்டியளெண்டு நான் மூச்சும் விடேல்லை."

வசந்தமலருக்குச் சிரிப்பு வந்தது. தையல் நொந்தது, நிறுத்த முடியவில்லை. தவநாயகி அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு இருவரும், சூப் ஆறுவதையும் கவனியாமல், எங்கே வெட்டினார்கள், எப்படி நொந்தது, யாருக்கெல்லாம் ஒளித்தோம் என்று பொழுதுபடும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள்.